நீலச் சாம்பல் சேவலும் மஞ்சள் நைட்டியும்

அன்புள்ள அத்தைக்கு,

அடுத்த வாரம் உங்கள் மகளின் துணிகளை ஆசிரமத்துக்குத் தானமாகக் கொடுக்க எடுத்துப்போக வருகிறீர்கள். அதற்குள் ஒரு விஷயம்.

நம் நீலச் சாம்பல் சேவல் மானகிரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. நிறம் தப்பாது என்று எனக்குத் தெரியும். எந்தப் பெட்டையோடு சேர்த்தால் இந்த நிறம் விழும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

ஆனால் தீவனம் வைத்துப் பழக்கியது அவள். அவள் கண்மூடிய பிறகு சேவல் என்னை அண்டவிடவில்லை. கண்காட்சியில் மிரண்டால் பரிசு கிடையாது. அதனால் அவளுடைய மஞ்சள் நைட்டியைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு தீவனம் வைத்தேன். ஒரே வாரத்தில் மடியில் ஏறிவிட்டது.

மைதானத்துக்கும் அப்படியே போனேன். விஷயம் தெரியாத நடுவர் பெரியகருப்பன் சிரித்துவிட்டார்.

"என்ன மாப்ள, வீட்டுக்காரம்மா நைட்டிய மாட்டிக்கிட்டு வந்துட்டீக? அவுக என்னத்த உடுத்தியிருக்காக?"

"சேவலுக்குப் பழகுன துணிண்ணே. நீங்க வாலப் பாருங்க."

சேவல் அசையாமல் நின்றது.

பீரோவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நைட்டியை மட்டும் விட்டுவிடுங்கள், அத்தை. துவைத்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். சோப்புப் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். சேவலுக்கு அடையாளம் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்