வெள்ளைக்காரப் பேயும் கத்திரிப்பூச் சுடிதாரும்

மே 10, சனி

கத்தரி வெயில். காலையிலேயே கடை ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. வளையல், ரிப்பன் எல்லாம் மந்தம். பள்ளிக்கூடம் திறந்தால்தான் எங்கள் ஃபேன்சி ஸ்டோருக்கு உயிர் வரும். பாளையம்பட்டி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிழலுக்காக உள்ளே வருகிறார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஓர் ஊக்கு அட்டை. அதுவும் வியாபாரம்தான்.

நாளை மதியக் காட்சி. நான், செ., யாழினி. செல்வக்குமார் என்று முழுசாக எழுத இன்னும் கை வரவில்லை, முப்பத்தேழு வயதில் என்ன வெட்கமோ. திருச்சுழியில் உரக்கடை. முதல் மனைவி கவிதா காய்ச்சலில் போய் மூன்று வருஷம். வைகாசி நடுவில் எங்கள் கல்யாணம் என்று பேச்சு. “யாழு சரின்னு சொன்னாத்தான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நியாயம். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

அவர் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். என்னை இதுவரை எதுவும் கூப்பிடவில்லை. ‘இந்தாங்க’, ‘இங்க பாருங்க’, அவ்வளவே.

படம் பார்த்ததும் விமர்சனம் போடணும். என் சேனலுக்கு ஆள் குறைவு, வாய் அதிகம். ஆனாலும் அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். (பாதி இல்லை. கால்.)

மே 11, ஞாயிறு

ஏசி ஓடவில்லை. பாப்கார்ன் நமுத்துப் போயிருந்தது. இரண்டையும் படத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது, படத்துக்கே சொந்தமாக நிறைய இருக்கிறது.

வெளிநாட்டில் ஏதோ தீம் பார்க்கில் பேய் வீட்டுச் சவாரி ஒன்று இருக்கிறதாம். கூட்டம் அள்ளுகிறது என்று அதையே குடும்பப் படமாக எடுத்துவிட்டார்கள், பயமும் சிரிப்புமாக. தமிழில் டப்பிங். வீடியோவில் சொல்ல வேண்டியவை:

– பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிப் பேய் வீட்டில் வண்டி ஒரு சுற்று வரும். போர்வைக்குள் இருக்கிற ஆள் காலைப் பிடிப்பான். கத்துவோம், வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி தின்போம். அதுதான் அளவு. அதை இரண்டு மணி நேரம் இழுத்தால் காலைப் பிடிக்கிறவனுக்கே கை வலிக்கும்.

– முதல் பேய் பளிச்சென்று வெளிச்சத்தில் வந்து நிற்கிறது. மூக்குத்தி இருந்தால் கல்லை எண்ணியிருக்கலாம்.

– வெள்ளைக்காரப் பேய் ‘மச்சி’ என்கிறது. பிரபுக் குடும்பத்துப் பேயாம்!

– ஒவ்வொரு பேயும் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறது. கூட்டுறவு சங்கக் கூட்டம் மாதிரி.

– அப்பா, மகன், பெரிய வீடு. அம்மா செத்துப்போனவள். ஓர் இடத்தில் மாடிப்படியில் அப்பாவுக்கு அவள் குரல் கேட்கிறது. நல்ல இடம். உடனே ஒரு குண்டுப் பேய் வழுக்கி விழுகிறது, டமால். எடுத்தவனுக்குத் தன் படத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை.

– முக்கியமானது. வீடு நிறையப் பேய். விரட்ட மந்திரப் புத்தகம், விளக்கு, சாமியார், எல்லாம் வருகிறது. ஒருத்தராவது ஒரு பேயைப் பார்த்து ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்கவில்லை. நம்மூரில் பேயோட்டுகிற கோடாங்கி உடுக்கை எடுத்ததும் கேட்கிற கேள்வியே அதுதான். சுருட்டு கேட்கும், கோழி கேட்கும், கொடுத்தால் போய்விடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் படம் இடைவேளையோடு முடிந்திருக்கும்.

யாழினி ஒரு தடவைகூட பயப்படவில்லை. அந்த மாடிப்படிக் காட்சியில் பாப்கார்னைக் கீழே வைத்தாள், அப்புறம் எடுக்கவே இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, விவரமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோ ஏற்றியாயிற்று. நன்றாக வந்திருக்கிறது. நானே இரண்டு தடவை பார்த்தேன்.

மே 12, திங்கள்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்தது.

செ.யின் அக்கா ராணி மதினியோடு ஜவுளிக்கடை. கல்யாணச் சேலைக்கு இல்லை, அதற்கு முன்னால் மூத்தாளுக்கு. அந்த வீட்டு முறை: முதல் மனைவி படத்துக்கு முன் புதுச் சேலை வைத்துக் கும்பிட்டு, அதை இரண்டாவதாக வருகிறவள் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கும்பிடு. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டுப் படி ஏறலாமா என்று அம்மா இழுத்தாள். “சாமி கும்பிடத்தான வாராக, அதெல்லாம் வரலாம்” என்று மதினி முடித்துவிட்டார்.

சேலை நானே தேர்ந்தெடுத்தேன். கிளிப்பச்சை, அரக்கு பார்டர். என் கண்ணுக்குத் தப்பு வராது. கடைப் பையனே “அக்காவுக்கு டேஸ்ட்டு” என்றான். மதினிக்கும் திருப்தி.

மே 14, புதன்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. எழுதுகிறேன்.

செ. லோடு விஷயமாக டவுனுக்கு வந்தவர் யாழினியைக் கடையில் விட்டுப் போனார். ரப்பர் பேண்ட் டப்பாவை நிறம் பிரித்து அடுக்கிக் கொடுத்தாள். நல்ல நேரம் என்று நினைத்து, சேலையைப் பிரித்துக் காட்டினேன். பார்த்தாள். தோள் குலுக்கல்கூட இல்லை.

“நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்கு.”

“அம்மாவுக்குன்னு எடுத்தது.”

“அம்மா சேலையே கட்டாது. ஸ்கூட்டி சக்கரத்துல சிக்கும்னு சுடிதார்தான். கல்யாண வீட்டுக்குக்கூட அதான். அத்தைக்கும் அம்மாவுக்கும் அதுக்கே சண்டை வரும்.”

சேலையை மடிக்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

“வீடியோல நீங்கதான சொன்னீங்க, பேய்க்கிட்ட ஒருத்தரும் என்ன வேணும்னு கேக்கலன்னு? இந்தச் சேலை எடுக்கைல யாரு கேட்டா? எங்கம்மாகிட்ட கேக்க முடியாது. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

டப்பாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. ஒரு குடையை எடுத்துப்போய் அவளுக்குப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன், செ. வரும்வரை. அவள் குடையைத் தட்டிவிடவில்லை, அது ஒன்றுதான்.

மாடிப்படிக் காட்சி அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அந்தக் குண்டுப் பேய் விழுந்ததுதான் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. படத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற மும்முரம்.

மே 15, வியாழன்

நேற்றையது நேற்றோடு. தப்பு என்றால் திருத்த வேண்டியதுதான்.

காலையில் போன். யாழினியிடம் நேராகக் கேட்டேன்: “அம்மாவுக்கு என்ன வேணும்? சொல்லு, வாங்கிருவோம்.” கடகடவென்று சொன்னாள்: சுடிதார். கத்திரிப்பூ கலர். கட்டாயம் பாக்கெட் வேணும், ஸ்கூட்டிச் சாவி போட. எல் சைஸ்.

“நான் எம் தான் போடுவேன். கும்பிட்டுட்டு நாந்தான போடணும்?”

“அம்மா எல். நீங்க வேணா பிடிச்சுத் தச்சுக்கங்க.”

சரி என்றேன். பாக்கெட் வைத்த கத்திரிப்பூ கலருக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். கிளிப்பச்சையை என் அம்மாவுக்குக் கொடுத்தாயிற்று. சந்தோஷம்.

மாலை மதினி போன். கொதிக்கிறார். “மூத்தாளுக்குச் சுடிதாரு வச்சுக் கும்பிட்டதா எங்கயாச்சும் உண்டா? ஊரு சிரிக்காதா?”

“மதினி, கருப்பசாமிக்குச் சுருட்டு வைக்கோம். பிள்ளையாருக்கு வைக்கோமா? அவுகவுகளுக்குப் பிடிச்சதத்தான வைக்கோம். பிடிக்காதத வச்சா கோவம் யாரு மேல வரும்? ஒங்க மேலயா, எம் மேலயா?”

“எம் மேலதான் வரும். அவளுக்கு எம் மேல ஏற்கெனவே கோவம் உண்டு” என்றார் மதினி. சிரித்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் அழுதார்.

மே 16, வெள்ளி

திருச்சுழி. காற்று இருந்தது, அனல் காற்று. பஸ்ஸில் போனேன், பையில் சுடிதார், பூ, பழம்.

படத்தில் கவிதா சிரிக்கிறார். பல் வரிசை யாழினிக்கு அப்படியே. இலையில் வடை, பாயசம், மதினி சமையல். யாழினி வந்து மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஓரத்தில் வைத்தாள். மதினி வடையை நகர்த்தி அதற்கு இடம் விட்டார். சூடம் காட்டும்போது மனசுக்குள் வேறு ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. ‘இது சரியா?’ என்று மட்டும் கேட்டேன்.

போட்டுக்கொண்டு வந்தால் தொளதொள. செ. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண் கலங்கியதால். யாழினி சுற்றி வந்து பார்த்தாள், உள்ளே போய் ஊக்கு எடுத்துவந்து இடுப்பில் இரண்டு பக்கமும் குத்திவிட்டாள். என் கடை அட்டைதான் அது. எப்போது எடுத்தாளோ.

அப்புறம் பாக்கெட்டில் கையை விட்டு எதையோ போட்டாள். ஸ்கூட்டிச் சாவி.

“ஓட்டத் தெரியும்ல?”

“தெரியும்.”

கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி. மூன்று வருஷத் தூசி. எவ்வளவு உதைத்தும் உயிர் வரவில்லை. ஹேண்டிலை அவள் பிடிக்க, நான் பின்னால் தள்ள, தெருவரை கொண்டுவந்தோம். வேர்த்து ஊற்றியது.

செ. வாசலில் நின்று, மெதுவாகத்தான் கேட்டார். “ஏ யாழு, கல்யாணத்துக்குச் சரியா?”

“மொதல்ல பேட்டரிய மாத்துங்கப்பா. ஸ்கூல் தொறந்தா இவுகதான கொண்டாந்து விடணும்?”

நாளைக்கே பேட்டரி. பேட்டரிக் கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்கணும்.