முப்பத்தொன்றாம் நம்பர் வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் சுகம்தானே? வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், எழுத்து கோணிப்போனால் பொறுத்துக்கொள்.

பள்ளத்து வயலில் போர்டு நட்டுவிட்டார்கள். 'இயற்கையின் மடியில் அறுபது அழகிய வீடுகள்' என்று எழுதியிருக்கிறது. இயற்கையின் மடியில் நாலடி மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கட்டப் போகிறார்களாம். மேல்பக்கத்து மழைத்தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் மூன்று நாள் நின்று வற்றும், உனக்கே தெரியும். பள்ளத்தை நிரப்பினால் அது எங்கே போகும்? நம் சந்துக்குள் வரும், என் நாற்றுப் பண்ணைக்குள் வரும். பைகளில் நிற்கிற ஆறாயிரம் கன்றும் ஒரே மழையில் அழுகிப்போகும். அவர் போனதிலிருந்து இந்தப் பண்ணைதான் எனக்குப் பிழைப்பு. இந்த வயசில் வேறு எதைக் கற்றுக்கொள்வேன், சொல்.

ஊரில் எதிர்ப்புக் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். நான்தான் செயலாளர். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானாம். வரப்போகிறவர்கள் யார் எவர் என்றே தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவார்கள், குப்பையை மட்டும் வெளியே போடுவார்கள். நமக்குத் தேவையா இது?

வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. உட்கார்ந்து யோசிக்காமல் உடனே போட்டு அனுப்பு. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் மட்டும்தான் பேசுகிறேன் என்று போன தடவை குறைப்பட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அவளுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை. ஊர்ப்பட்ட கட்டடங்களின் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மெக்கானிக், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் முன்பெல்லாம் சிரிப்பு வந்தது.

அறுபது வீடு வருவதில் நல்லதும் இருக்கலாம் இல்லையா அக்கா? பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள்தான் மிச்சம் என்று நீயே சொல்லியிருந்தாய். ஒரு நாளைக்கு ஒரு பஸ் வருகிற இடத்தில் மூன்று வரலாம். தண்ணீருக்குக் கால்வாய் எடுப்பார்களாயிருக்கும். சும்மா தோன்றியதைச் சொன்னேன், கோபப்படாதே.

படிவத்தை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடுகிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

தேடுகிறாயா? உன் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை. அதில் ஒரு காகிதத்தைப் பதினைந்து நாளாகத் தேடுகிறாய் என்றால் நான் நம்ப வேண்டுமா?

இங்கே குழு என்கிற பேரில் நான் படுகிற பாட்டைக் கேள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. தண்ணீர் பற்றிப் பேசியது பத்து நிமிஷம். சைக்கிள் கடைக்காரர் தன் கடை வாசலில் தெருவிளக்கு எரியவில்லை என்பதையும் மனுவில் சேர்க்க வேண்டும் என்கிறார். "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன். "எப்படியும் சர்க்கார் ஆபீசுக்குத்தானே போவுது, அதுவும் போகட்டுமே" என்கிறார். வெயிலானாலும் வீட்டுக்குள்ளேயே ஆனாலும் குடையோடு உட்கார்ந்திருப்பாரே, குடைக்காரர், அவருக்குப் போர்டுப் படத்தில் இருக்கிற வீடுகளின் கலர் பிடிக்கவில்லையாம். "ரோஸ் கலர்ல வீடு கட்டினா மாடு மிரளும்" என்று எழுதச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். அவரிடம் மாடும் கிடையாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

நாளை மறுநாள் கடைசித் தேதி. உன் படிவம் வருகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் உன் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாவது பேர் உன்னுடையது. ஏழாம் வகுப்பில் உன் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டவள் நான். தலைமையாசிரியரே கண்டுபிடிக்கவில்லை, இவர்களா கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நீ இனிமேல் தேட வேண்டாம், நிம்மதியாக இரு.

உன் அக்கா


மார்ச் 4

அக்கா,

என் பேரை உடனே எடுத்துவிடு. ஆபீசுக்குப் போய்த் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று சொல். காரணம் கேட்காதே, நேரில் வரும்போது சொல்கிறேன். தயவுசெய்து இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

தம்பி


மார்ச் 13

தம்பி,

உன் காரணம் என்னவென்று நீ நேரில் வந்து சொல்ல வேண்டியதில்லை. நேற்று ஊரே கேட்டது.

உன் கடிதம் வந்தபோது, பயந்தாங்கொள்ளி, வழக்கம் போல நழுவுகிறான் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். நேற்று பள்ளிக்கூடத்தில் விசாரணை. சின்ன வயசுப் பெண் ஒருத்தி அதிகாரியாக வந்திருந்தாள், ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் படித்தாள். வீடு கட்டுகிற கம்பெனியின் ஆள் ஒரு ஃபைலைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டுக்கு முன்பதிவு செஞ்சவரும், வீடே கட்டக் கூடாதுன்னு நூற்றுப் பன்னிரண்டாவதா கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆள் மாதிரி இருக்கே. பேரு, அப்பா பேரு எல்லாம் ஒண்ணா இருக்கு. யாருங்க இவர்?" என்று கேட்டாள்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். குடைக்காரர், "செயலாளரம்மா, உங்க தம்பிதானே?" என்று சத்தமாகவே கேட்டார். "தம்பியைத்தான் கேட்கணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். செயலாளராம் செயலாளர்.

இந்த மாதக் கடைசிக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்து உன்னுடையது என்றால் உன் முன்பதிவு ரத்து. எதிர்த்தவருக்கு வீடு கிடையாது என்பது கம்பெனியின் நிபந்தனை. உன்னுடையது இல்லை என்றால் போட்டது யார் என்ற கேள்வி வரும், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் சந்தேகத்துக்குள் போகும்.

ஆறு வாரமாக யார் எவர் என்று தெரியாதவர்கள் வருகிறார்கள் என்று நான் திட்டிக்கொண்டிருக்கிறேன், அது நீயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? உனக்கென்று இங்கே வீடில்லையா, அறையில்லையா? என் பண்ணை முழுகினாலும் பரவாயில்லை என்று எப்படியடா போய்ப் பணம் கட்டினாய்?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது அத்தனையும் நியாயம். ஆனால் அறை இருக்கிறது என்று எழுதினாயே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

போன வருஷம் நாங்கள் வந்தபோது என் அறையில் உரமூட்டை, நாற்றுப் பைக்கட்டு, தேங்காய் நார்த்தூள், உடைந்த தெளிப்பான் மூன்று. கூடத்தில் படுத்தோம். காலை நீட்டினால் மூட்டை இடித்தது. விடிவதற்குள் வந்து, "எழுந்திருங்க, ஆளுங்க வர்ற நேரம்" என்றாய். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது, "அக்காவுக்கு நாம இடைஞ்சல்" என்றாள். வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது என்று எழுதுகிறாய். சாவி உன் இடுப்பில்தான் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை, நீதான் அதில் வாழ்ந்தவள். ஆனால் எங்களுக்கு இடமில்லை.

வேறு ஊரில் எத்தனையோ வீடு விற்கிறார்கள் அக்கா. முப்பத்தொன்றின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் உன் பண்ணையின் பச்சை நிழல்வலை தெரியும் என்று படத்தில் பார்த்தேன். அதற்காகத்தான் அதை எடுத்தேன். உன் வீட்டுக்குள் இல்லாமல் உன் பக்கத்தில் இருக்கலாம் என்று ஆசை. தண்ணீரைப் பற்றிக் கேட்டேன், கால்வாய் வெட்டுவோம் என்றார்கள். நம்பவில்லை. நம்பிவிட்டதாக வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அதிகாரிக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றில் கையெழுத்து என்னுடையது, இன்னொன்றில் இல்லை. இரண்டும் இதோடு இருக்கின்றன. நீ எதைக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நல்ல ஆளடா நீ! முடிவெடுக்கிற வேலையை இரண்டு உறையில் போட்டு என் தலையில் கட்டிவிட்டாய். இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பஸ் பிடித்து ஆபீசுக்குப் போய், "நான்தான் போட்டேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அந்த அதிகாரிப் பெண் மனுவை எடுத்துப் பிரித்தாள். பிறகு உன் பேரை அடித்துவிட்டு, "மத்தவங்களையும் விசாரிக்கத்தான் வேணும்மா" என்றாள். உன் முன்பதிவு தப்பித்தது.

வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். கேட்டால் நீ சிரிப்பாய். சைக்கிள் கடைக்காரர் தன் மாமியார், இரண்டு மருமகன் எல்லாருக்கும் அவரே போட்டிருக்கிறார். குடைக்காரர் போன வருஷம் இறந்துபோன மாமனாருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார். "இருந்திருந்தா எதிர்த்துத்தான் இருப்பாரு" என்று அதிகாரியிடமே வாதாடினாராம். எல்லாம் போக அறுபத்துநாலு மிஞ்சியது. புதிதாக மனு எழுதியிருக்கிறோம், இந்தத் தடவை தண்ணீரைப் பற்றி மட்டும். செயலாளர் பதவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை, எழுதத் தெரியாதாம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் உன் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். பாதிதான் திறந்தது. உன்னையும் அவளையும் கூடத்தில் போட்டுவிட்டு நான் உள்ளே கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன். அவளிடம் சொல், அவள் இடைஞ்சல் இல்லை. எனக்குத்தான் புத்தி இல்லை. மூட்டைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னமும் தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அப்படியே காலி பண்ணினாலும் நீயும் நானும் ஒரே கூரைக்குள் ஒரு வாரம் தாங்க மாட்டோம்.

உன் மேல் கோபம் போகவில்லை. சீக்கிரம் போகும் என்று எதிர்பார்க்காதே.

மனுவுக்காக அவர்கள் வரைபடத்தை விரித்து வைத்து மட்டம் பார்த்தேன். அட மடையா, அறுபது வீட்டிலும் தாழ்வானது முப்பத்தொன்றுதான்! ரோட்டுத் தண்ணீர் முழுக்க நேரே உன் சமையலறைக்குத்தான் வரும். அந்த முழங்காலோடு அவள் தண்ணீரில் நின்று சமைப்பாளா? வீடு வாங்குகிறவன் ஜன்னலை மட்டுமா பார்ப்பான்? மேட்டில் இருக்கிற ஒன்பதாம் நம்பரை எடு. வாசலில் ஒரு படிதான், அங்கிருந்தும் பண்ணை தெரியும். நான் நடந்து போய் நின்று பார்த்துவிட்டேன்.

நேற்று கம்பெனி ஆளிடம் போய், "ஒன்பதை என் தம்பிக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்டேன். வாயைப் பிளந்தார். "நீங்கதானேம்மா எதிர்க்கிறீங்க?" என்றார். "ஆமா, எதிர்க்கிறேன். அது வேற" என்றேன். பதினெட்டாம் தேதி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பதில் போடு. இருபதாம் தேதி எங்கள் மனு விசாரணைக்கு வருகிறது. நாங்கள் ஜெயித்தால் ஒன்பதும் கிடையாது, எதுவும் கிடையாது. ஜெயிக்கத்தான் பார்ப்பேன்.

உன் அக்கா