புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

உன் பதினாறாம் நாள் பத்திரிகை செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. கறுப்பு மையின் வாசனை இன்னும் போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் நின்றபடியே சத்தமாக வாசித்தேன். பழக்கம் எங்கே போகும்? ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. “இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்” என்பது வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். சமையலறையிலிருந்து மருமகள், “யாரு அத்தை? என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். அப்போதும் தெரியவில்லை. பத்திரிகையைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். “ஏட்டி ராங்கி, வசமா மாட்டுனியா!” என்றிருப்பாய். ராங்கி என்று என்னைக் கூப்பிடும் துணிச்சல் அந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு மட்டும்தான் இருந்தது.

தென்காசியில் நாம் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டாம் வகுப்பில் ஒரு பிரிவு எனக்கு, அடுத்தது உனக்கு. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். நீ சுரண்டை பஸ்ஸில் வருவாய். பாதி நாள் மணி அடித்த பிறகுதான் வந்து சேருவாய். என் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே ராகத்தில் பாடம் வாசிப்பார்கள். இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கு மட்டும் தவறாமல் சீசனில் வருவார். குற்றாலத்தில் குளித்த தலை காய்வதற்கு முன்பே என் வகுப்பில் உட்கார்ந்து, வாசிப்பைக் கேட்டுத் தலையை ஆட்டுவார். எனக்கு அதில் தலைக்கனம் இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

உன் பிரிவோ சந்தைக்கடை. இரண்டு வரி வாசித்ததும், “புஸ்தகத்த மூடு. இப்ப உங்க வீட்டுல சொல்லுத மாதிரி சொல்லு” என்பாய். ஆளுக்கொன்று சொல்லும். நரி எதற்கு ஓடியது என்று பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை நடக்கும். நான் பத்துப் பாடம் முடித்திருப்பேன், நீ நாலாவதில் நிற்பாய். தலைமையாசிரியரிடம் உன்னைப் பற்றி இரண்டு தடவை கோள் சொன்னேன். உனக்குத் தெரியும். தெரிந்தும் மத்தியானம் உன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்குத் துவையல் எடுத்து வைத்தாய். அந்தத் துவையலை நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

மைமூன் என் வகுப்பின் முதல் வாசிப்புக்காரி. ஏழு வயது. வாப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவருடைய கடிதங்களை உம்மா தபால்காரரைக் கெஞ்சி வாசிக்கச் சொல்லித்தான் கேட்பார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் அவரிடம் நானே பெருமையடித்தேன்: “இனி யாரையும் கெஞ்ச வேண்டாம். உங்க மக தண்ணி பட்ட பாடா வாசிப்பா.”

அடுத்த கடிதத்தை மைமூன்தான் வாசித்தாள். கொழும்புக் கடையில் யாரோ ஒருவர் புத்தகத் தமிழில் எழுதிக் கொடுத்த கடிதம். ‘பெருநாளுக்குப் புறப்படுவதாக இருந்த பயணத்தை ஒத்திவைக்க நேர்ந்துள்ளது.’ அவள் அதை என் ராகத்திலேயே, ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தாள். வீட்டில் எல்லோருக்கும் பெருநாள் என்பதும் பயணம் என்பதும்தான் காதில் நின்றன. புதுச் சட்டை போட்டு, பலகாரம் செய்து, குடும்பமே ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு நாள் ரயில் பார்த்தது. கடைசியில் தபால்காரர்தான் கடிதத்தை வாங்கிப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்.

மறுநாள் உம்மா வகுப்புக்கே வந்துவிட்டார். “எழுத்தெல்லாம் வாசிக்கா டீச்சர். வாப்பா வருதாகளா இல்லியான்னு சொல்லத் தெரியல. ஊரே சிரிக்கி. இவளுக்குப் பள்ளிக்கூடம் போதும். என் கூட ராட்டுல நூல் சுத்தட்டும்.” மைமூன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நீதான் ஓடி வந்தாய். “அடுத்த கடுதாசி வாரது வரைக்கும் விடுங்க அக்கா. அதையும் சொல்லத் தெரியலன்னா கூட்டிட்டுப் போங்க” என்றாய். உம்மா என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, சரி என்றார். அது எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சனிக்கிழமை நம் இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் நீ குற்றாலத்துக்குக் கிளப்பினாய். எல்லோர் கையிலும் வாசகப் புத்தகம். “அருவியப் பாக்க அருவிப் பாடம் எதுக்குட்டி?” என்று நான் முணுமுணுத்தேன். ‘நீர்த்திவலைகள் தெறித்தன’ என்று என் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பாடியிருந்தார்கள். அங்கே முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி கேட்டாள், “டீச்சர், திவலைன்னா இந்தத் தண்ணியா?” எனக்கு அங்கேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

அன்றைக்கென்று வெள்ளம். மெயினருவியில் குளிக்க விடவில்லை. நீ பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, “சரி, குளியல ஒத்திவச்சாச்சு” என்றாய். “அப்படின்னா டீச்சர்?” “இன்னைக்குக் கிடையாது. அப்புறமா ஒரு நாளைக்கு.” பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று கத்தின. மைமூன் மட்டும் கத்தவில்லை. “அப்போ வாப்பா அதைத்தான் எழுதுனாகளா?” என்று கேட்டுவிட்டு, ஏங்கி ஏங்கி அழுதாள். நீ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். சாரலில் நானும் அழுதேன். உனக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை உன் பிரிவில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கவனித்தேன். நீ வழக்கம்போல், “புஸ்தகத்த மூடு” என்றாய்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உம்மா மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நம் முன்னாலேயே அதை அவளிடம் நீட்டினார். மைமூன் ராகமில்லாமல், மெதுவாக, இரண்டு இடத்தில் திக்கி வாசித்தாள். வாசித்து முடித்து, கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “உம்மா, வாப்பாக்கு இப்பவும் லீவு கிடைக்கலியாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கண்டிப்பா வருதாகளாம். ஒன் கால்வலி தேவலியான்னு கேக்காக. போன தடவை கேட்டதுக்கு ஏன் பதில் போடலன்னு வருத்தப்படுதாக.”

“போன கடுதாசியிலயும் கேட்டிருந்தாகளா?” என்றார் உம்மா. அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வராதவருக்காக அழாத மனுஷி, கால்வலியை விசாரித்ததற்கு அழுதார். எழுந்து போகும்போது மகளின் பையை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் வகுப்பும் சந்தைக்கடைதான். பேரப்பிள்ளைகளையும் விடவில்லை. “மூடிட்டுச் சொல்லு” என்றால் அதுகள் எழுந்து ஓடும். உன்னிடம் ஒரு தடவையாவது ‘நீ செய்ததுதான் சரி’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ராங்கிதானே, சொல்லவில்லை. அது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

இன்று சனிக்கிழமை. காலையில் காலண்டருக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்தேன். ராகமில்லாமல், மெதுவாக வாசித்தேன். மூடி, மேசையில் கவிழ்த்து வைத்தேன். மருமகளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

“என் கூட்டுக்காரி செத்துப்போயிட்டா, தாயி. சுரண்டை பஸ்ஸுல லேட்டா வருவான்னு சொல்லுவேன்லா, அவதான். இனிமே லேட்டாக்கூட வரமாட்டா.”

சரியாச் சொல்லிட்டேனா, ஏட்டி?