யப்பான் மெட்டு

லா சப்பல், பரிஸ்
14.09.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். மொன்றியலில் குளிர் தொடங்க முன் தடித்த கோட் ஒன்று வாங்கிவிடுங்கள். கூசேன்வில்லில் இருக்கும் புனிதவதி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

நீங்கள் கனடாவுக்குப் போன பிறகு எனக்கு வேலை மாறிவிட்டது. இப்போது ஒரு யப்பான் உணவகத்தில் மரக்கறி வெட்டுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அங்கே சமையற்காரர் மொரித்தா ஒரு கசெற் போட்டார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பெண் கேட்டு ஊருக்கு நீங்கள் பேசி அனுப்பிய கசெற்றின் கடைசியில், எனக்காகவே போட்டது, இன்னும் ஒருவரும் கேட்காதது என்று சொல்லி ஓர்கனில் ஒரு மெட்டு வாசித்தீர்களே, அதே மெட்டு! அது தங்கள் நாட்டு இசைக்குழு ஒன்றின் பாட்டு என்றார் மொரித்தா. ஒரு கோடை முழுவதும் அங்கே வானொலியில் அதுதானாம். கடற்கரையில் ஐஸ்கிரீம் உருகுவதைப் பற்றிய பாட்டாம். ஐஸ்கிரீம், அத்தான்!

அப்போது ஊரில் உங்கள் படத்தைப் பார்த்து அம்மா யோசித்துக்கொண்டிருந்தா. தலைமயிர் போதாதென்று தங்கச்சி பகிடி பண்ணினாள். அந்த மெட்டைக் கேட்டுவிட்டுத்தான் நான் சம்மதம் சொன்னேன்.

உங்களோடு ஒரே அறையில் இருந்தவராயிற்றே என்று, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை வைத்திருக்கும் ஞானசுந்தரம் அண்ணையிடம் போய்க் கேட்டேன். மனுசன் வெட்கமில்லாமல் சிரித்தார். “ஓம் பிள்ளை, அந்த மெட்டிலைதான் எங்கடை அறையிலை மூண்டு பேருக்குக் கலியாணம் சரிவந்தது” என்றார்.

நான் இங்கே வந்து உங்களைக் கட்டிய பிறகு, அந்த மெட்டுக்கு நானே சொல் எழுதிப் பொங்கல் விழாவில் பாடினேன். என் கணவர் போட்ட மெட்டு என்று மேடையில் பெருமையாகச் சொன்னேன். முன்வரிசையில் உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மொன்றியலில் வீடு எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்கிறீர்கள். இரண்டு அறை, பல்கனி என்று முன்பு நீங்கள் சொல்லும்போது சந்தோசமாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. எனக்கு அகதி அட்டை கிடைத்ததே இந்த வருடம்தான். இதை விட்டுவிட்டு வந்தால், பிறகு திரும்பி வர எனக்கு வழியில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உண்மையில் வீடு இருக்கிறதா? இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். பத்துப் பேரோடு ஓர் அறையில் படுக்கிறீர்கள் என்றாலும் நான் வருவேன். இல்லாததை இருக்கிறது என்று எழுதினால் மட்டும் வரமாட்டேன்.

பிள்ளையார் உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்போதும் உங்கள்,
வள்ளிநாயகி