படப்பக்கரையில் பொறுக்கிய கல்

அன்பு மக்களே ஆர்ஷா,

திருவனந்தபுரத்தில் நானும் உன் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகம், மழைதான் விடவில்லை. புவனேஸ்வரில் நீயும் சளி கிளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் போட்டால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

சுவாமிதாஸ் மாமா சொன்னால் ஜியாலஜிப் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, எனக்குக் கோபம் வந்தது. நீ எதற்கு அடம்பிடித்துப் போனாய் என்று எனக்கே சரியாகத் தெரியாது, தெரிந்துகொண்டு பேசுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் தம்பானூரில் ஓர் இயற்கைக் குழுவோடு வேன் ஏறி, கொல்லத்துக்குப் பக்கத்தில் காயல்கரையில் இருக்கிற படப்பக்கரைக்குப் போனேன். அங்கே பழங்காலக் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன, கோடி வருஷத்துக்கும் பழையவை. எனக்குப் பொறுமை ஏது, இறங்கிய உடனே பளபளப்பாக ஒன்றை எடுத்துக் குழுவை நடத்திய ஆராய்ச்சி மாணவி கலைச்செல்வியிடம் நீட்டினேன். "அண்ணே, இது போன வாரம் யாரோ கறி வச்சுத் தின்ன கக்காச் சிப்பி" என்றாள். வேன் டிரைவர்கூடச் சிரித்தான். கட்டடத்துக்கு மண் பரிசோதனை செய்கிறவனுக்கு இந்த மரியாதை. பிறகு வாயை மூடிக்கொண்டு வெயிலில் குத்தவைத்துத் தேடினேன். மதியத்துக்கு மேல் ஒரு சங்கு கிடைத்தது, கட்டைவிரல் அளவுதான், உள்ளே முழுக்கக் கல், கையில் வைத்தால் கனம் தெரிகிறது. கலைச்செல்வி வாங்கிப் பார்த்துவிட்டு லென்ஸை என்னிடம் தந்தாள். சினிமாவில் இடைவேளைக்கு அப்புறம் உட்காராத ஆள் நான், என்னை ஹாரன் அடித்துத்தான் கிளப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் உன் சுவாமிதாஸ் மாமா உட்கார்ந்திருக்கிறார். ஆராதனைக்கு வராததற்கு ஒரு பிரசங்கம். "நாப்பதுகூட ஆகாத உனக்கு என்ன தெரியும்?" என்றார், நாகர்கோவிலில் ஒரு காலேஜில் உனக்குக் கம்ப்யூட்டர் சீட் சொல்லி வைத்திருக்கிறாராம். கடைசியில், "பொம்பளப் பிள்ளைய கல்லு பெறக்கவா அனுப்பின?" என்று கேட்டார். நான் சட்டையைக்கூட மாற்றவில்லை. "ஆமா மச்சான், கல்லு பெறக்கத்தான். நானும் இன்னைக்கு அதுக்குத்தான் போனேன். அந்த சீட்ட வேற ஆளுக்குக் குடுங்க" என்றேன். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். உன் அம்மா என்னோடு பேச்சில்லை, கிறிஸ்துமஸுக்குள் பேசிவிடுவாள்.

மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கே படிப்பு பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல், கேட்கிறேன். வெளியே கல் தேடப் போகும்போது ஷூவும் தொப்பியும் போட்டுக்கொள், தண்ணீர் எடுத்துக்கொள். கர்த்தர் உன் கூடவே இருப்பார். லீவுக்கு வா, நல்ல மீனாக வாங்கி வைக்கிறேன். மாமாவுக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
ஷிஜு