ஃபீஃபிக்கு என்ன கொடுத்தீர்கள்

ஜூன் 3
என் புருஷன் ஃபீஃபிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு இன்றும் கேப் கோஸ்டுக்கு வேன் ஓட்டிவிட்டு வந்தான். ஆஸ்பத்திரி என்றால் அவனுக்கு வேப்பங்காய். அவன் அக்கா அராபா காலையில் வந்து என்னைத்தான் ஏசினாள். "ஏண்டி எக்வா, அவன் வயித்தக் கழுவி எத்தன நாளாச்சு? அழுக்கு உள்ளயே கெடந்தா காய்ச்சல் வராம என்ன செய்யும்?" சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள்.

மரப்பட்டை, இஞ்சி, மிளகாய் எல்லாம் இடித்துக் காய்ச்சி, நீள மூக்கு வைத்த ரப்பர் பந்தில் நிரப்பி, மாலையில் நானே எனிமா கொடுத்தேன். எரிச்சலில் என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தான்.

ஜூன் 5
நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லை. கால் வீங்கிவிட்டது.

ஜூன் 6
ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. "ரெண்டு சிறுநீரகமும் திடீர்னு நின்னுபோச்சு. திரும்ப வேலை செய்ய வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர். "நாட்டு மருந்து, எனிமா ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

வார்டே என்னைப் பார்த்தது. அராபாவும் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவார் என்ற பயம். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

ஜூன் 8
பாட்டிலில் இரண்டு விரல் அளவு. "ஊரே என் மூத்திரத்துக்குக் காத்துக் கெடக்கு" என்றான் ஃபீஃபி. நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 10
பாட்டில் காலி. ஓயாத வாந்தி. தாழ்வாரத்தில் அராபா என் கையைப் பிடித்தாள்.

"நீ டாக்டர்கிட்ட இல்லன்னியே. நீ குடுக்கவே இல்லன்னு நெனச்சேன்டி. நேத்து நீ குளிக்கப் போனப்ப, திரைய இழுத்து விட்டுட்டு நானே எனிமா குடுத்துட்டேன்."

நான் இல்லை என்றது டாக்டரிடம் மட்டுமா? ஐயோ, அவளும் கேட்டுக்கொண்டுதானே நின்றாள்.

நேராக டாக்டரிடம் போய் இரண்டையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 13
மெஷினில் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இன்று காலை ஃபீஃபி போய்விட்டான்.

ஜூலை 19
சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை உடலை ஐந்து வாரம் பிணவறையில் வைத்திருந்து, இன்று அடக்கம் முடிந்தது. சிவப்பும் கறுப்புமாகத் துக்க உடையில் எத்தனை பேர். "எக்வா நல்லாப் பாத்துக்கிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னாள் அராபா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆகஸ்ட் 2
அராபாவுக்குக் காய்ச்சல். போய்ப் பார்த்தால் ரப்பர் பந்து ஈரமாகக் கிடந்தது. எத்தனை தடவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியில் ஏற்றினேன். அதே வார்டு, அதே டாக்டர், அதே கேள்வி.

"இல்ல—" என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவ, டாக்டர்" என்றேன். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

அராபா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.