இரண்டாம் வரிசைச் சிரிப்பு

மூன்று வாரத்துக்கு முன், ஒரு காலை. அப்பாவின் கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டையைப் பிரித்தேன். பர்ரென்று ஒரு சத்தம். உன் வேட்டியின் சத்தம்.

“நூத்தி நாப்பது. இன்னொரு தடவை பார்க்கட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்மா,” என்றார் அப்பா.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன்னை நினைக்காமலிருப்பது எனக்கு நன்றாகவே கைவந்திருந்தது. ஓர் ஒட்டுப்பட்டைக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கிறாய். மலிவான வழி. உனக்கு எப்போதும் மலிவான வழிகள் தெரியும்.

உன் மேடை உடை அது: மேலே, உன் அப்பா வழிக்கு ஒரு ஷெர்வானி. கீழே, அம்மா வழிக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி. உன் அப்பா ஹைதராபாத் முஸ்லிம், அம்மா செகந்திராபாத் தமிழ்ப் பெண் என்பதை இடுப்பில் கோடு கிழித்துக் காட்டினாய், கடைசி வரிசைக்கும் புரிய வேண்டுமென்று. ஒரு மணி நேரம் பேசிவிட்டு, முடிவில் வேட்டியைப் பிடித்து இழுப்பாய். பர்ர். உள்ளே ஜீன்ஸ். கைத்தட்டல். இரண்டு பண்பாடுகளுக்கும் அடியில் இருப்பது வெறும் மனிதன் என்று அதற்குப் பொருளாம். ஒரு பேட்டியில் சொன்னாய். எனக்கு அது கழிப்பறைக்கு அவசரமாகப் போகிறவனைத்தான் ஞாபகப்படுத்தியது.

உன் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தேன். நீ வழக்கமாகப் பேசும் காபிக் கடையின் மாடி. மைக் கம்பத்தில் உன் ஷெர்வானியை மாட்டி வைத்திருந்தார்கள். உன்னைப் போலவே ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிற ஒருவர், நீ இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் ஒரு பாலம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பாலத்தில் ஏறுகிறவன் அக்கரைக்குப் போவான். உன்னைக் கேட்டவர்கள் எங்கும் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் சிரித்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள்.

சென்னையில் பேசினால் உன் அப்பா வீட்டார் கோமாளிகள். ஹைதராபாத்தில் பேசினால் தமிழர்கள். அரங்கில் எந்தப் பாதி இல்லையோ அதை அடிப்பது உன் முறை. இதைத் துணிச்சல் என்று எழுதினார்கள். இல்லாதவரைப் பற்றிப் பேச என்ன துணிச்சல் வேண்டும்? நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தெரியும்.

*

உன் தமிழ்ப் பாதி எங்கள் வீட்டில் கிடைத்தது. இதை எந்த மேடையிலும் நீ சொன்னதில்லை.

உனக்கு நாலு வயதில் அம்மா இறந்தார். மல்லாபூரில் உன் அத்தை வளர்த்தார். அம்மா வீட்டார் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாய்: “எனக்குத் தமிழ் காதுல இருக்கு. வாயில இல்ல.” நல்ல வரி. பிறகு அதையும் மேடையில் ஏற்றினாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ.எஸ்.ராவ் நகருக்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். அப்பா மின்னணு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர். உருது கலந்த அவர் தமிழில் ஆமாம் கிடையாது, ஹவ்தான். ஏன் கிடையாது, கைக்கு. வேண்டாம் என்பதற்கு நக்கோ. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அவர் பேச ஆரம்பித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நீ மட்டும் வாயைப் பிளந்து கேட்டாய். உன்னைப் பேட்டா என்று, மகனைப் போல, கூப்பிட்டார்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், “அங்கிள், சமத்துன்னா என்ன?” என்றாய்.

“கைக்கு கேக்கற பேட்டா?”

“அம்மா என்னை அப்படிக் கூப்பிடுவாங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு.”

அப்பா மோரை வைத்துவிட்டு யோசித்தார். “சொன்ன பேச்சு கேக்கற பிள்ளைன்னு அர்த்தம்.” பிறகு உன்னை மேலும் கீழும் பார்த்தார். “உன்னை இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் யாரையாவது சொல்லியிருப்பாங்க.”

உனக்கு மோர் மூக்கில் ஏறியது. என் அம்மா உன் தலையில் தட்டினாள். அந்த ஒரு மதியத்துக்காக உன்னை மன்னிக்கலாமா என்று சில நாள் யோசிப்பதுண்டு. இல்லை.

*

நீ ஓயாமல் செய்த ஒரு துணுக்கு, உன் பாஷையில் பிட், அப்பாவின் நக்கோதான். மேடையில் அவர் உன் தமிழ் மாமா. எல்லாவற்றுக்கும் நக்கோ சொல்கிற மாமா. மூன்று தடவை வரும். முதலில், பிரியாணிக்கு இன்னும் கொஞ்சம் வெங்காயம் வைக்க வரும் சர்வரிடம். இரண்டாவது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனில் கேட்கும் பெண்ணிடம். மூன்றாவது, டை அடிக்கட்டுமா என்று கேட்கும் முடிதிருத்துபவரிடம்: “நக்கோ பேட்டா. இருக்கறது நாலு முடி, அதாவது உண்மையா இருக்கட்டும்.”

என் வேலை சிரிப்பது. இரண்டாம் வரிசை, வலது ஓரம்.

“கூட்டம் பர்மிஷனுக்கு வெயிட் பண்ணும்பா. ஒருத்தர் சிரிச்சா போதும், மத்தவங்க வந்துடுவாங்க,” என்றாய். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் போனில் பதிவு செய்து, மறுநாள் எனக்குப் போட்டுக் காட்டுவாய். “இங்க லேட். மூணாவது நக்கோ வாயில இருந்து விழும்போதே சிரி. நீ யோசிச்சா பிட் செத்துடும்.”

யோசிக்காமல் சிரிக்கப் பழகினேன். இலக்கியம் படித்தவள். உன்னிடம் கற்றுக்கொண்டது இது.

*

பிறகு அம்மா படுத்தாள். பதினேழு நாள் மருத்துவமனை. கடைசியில் ஓர் இளம் டாக்டர் நடைபாதைக்கு வந்து, திரும்பவும் செயற்கைச் சுவாசம் வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டார். வைத்தாலும் பெரிதாக நம்பிக்கை இல்லை என்றார். அப்பா கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பிறகு, “நக்கோ சார். போதும்,” என்றார். கையை முன்னால் நீட்டிக் கவிழ்த்தார். பந்தியில் இலையை மறைப்பது போல.

திருமுல்கேரி டீக்கடையில் இதை உன்னிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீ குறுக்கே பேசவில்லை. உன் டீ ஆறிப்போனது. துக்கத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன். மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

அடுத்த வருடம் உன் நிகழ்ச்சியை வீடியோ எடுத்தார்கள். ஞாயிறு மதியம், அதே காபிக் கடை. அப்பா தானும் வருவேன் என்றார். “என்னைப் பத்திப் பேசறானாமே. நான் கேக்க வேண்டாமா?” இஸ்திரி போட்ட சட்டை. என் பக்கத்து நாற்காலி. நீ மேடையிலிருந்து அவரைப் பார்த்தாய். பார்த்ததை நான் பார்த்தேன்.

வெங்காயம். நக்கோ. அப்பா சிரித்தார், தன் தொடையைத் தட்டிக்கொண்டு.

கிரெடிட் கார்டு. நக்கோ. பின்னால் திரும்பி யாரோ ஒருவரிடம், நான்தான் அது என்பதுபோல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மூன்றாவதில் முடிதிருத்துபவர் இல்லை. டாக்டர் வந்தார். நடைபாதை. மாமி உள்ளே. வைக்கலாமா சார்? நீ கையை நீட்டிக் கவிழ்த்தாய், பந்தியில் சாம்பாரைத் தடுப்பது போல. “நக்கோ சார். போதும்.”

நான் சிரித்தேன்.

வார்த்தை விழுந்த அதே கணத்தில், நீ கற்றுக்கொடுத்தபடி, யோசிக்காமல், உரக்க. அரங்கம் பின்னாலேயே வந்தது. அவர்கள் சிரிப்புக்குள்தான் நீ சொன்னது என்ன என்று எனக்குக் கேட்டது. அப்பாவைப் பார்த்தேன். இரண்டாவது நக்கோவுக்கு வந்த புன்னகை அவர் முகத்தில் அப்படியே நின்றிருந்தது. அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஈசிஐஎல் சாலை வரை அப்பா கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு, “நல்லாத்தான் பேசறான் பையன்,” என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நக்கோ வீட்டிலிருந்து போய்விட்டது. ஹவ் இருந்தது. கைக்கு இருந்தது. அந்த ஒன்று மட்டும் வேண்டாம் என்று ஆனது. அச்சடித்ததுபோல் சுத்தமான வேண்டாம். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் உன்னை வெறுத்தேன்.

*

அந்த வாரமே உன்னைப் பார்க்க வந்தேன். அதே டீக்கடை.

“கைக்கு கோவம்?” என்றாய். “ரூமே ஆடிப்போச்சு. பார்த்தல்ல?”

“அது எங்கம்மா.”

“பேரு சொல்லலையே.”

“அப்பா பக்கத்துல இருந்தார்.”

நீ பிஸ்கட்டை டீயில் நனைத்தாய். “அதுக்குத்தானே உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கலன்னா அங்கயே வேற பக்கம் திருப்பியிருப்பேன். நீதான் முதல்ல சிரிச்ச. நான் என்ன பண்றது?”

பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய்யாக இருந்தால் நீ கோழை. உண்மையாக இருந்தால் இன்னும் பெரிய கோழை.

“உங்கம்மாவைப் பத்தி ஏன் பேசறதில்ல?” என்றேன். “இத்தனை வருஷத்துல ஒரு பிட் கூட இல்ல. சமத்து இருக்கே.”

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அதுல சிரிப்பு இல்ல.”

“எங்கம்மாகிட்ட இருந்துதா?”

எழுந்து போய்விட்டாய். அதுதான் கடைசி. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து டெங்கு, ஐந்து நாள், முடிந்தது. எனக்குச் செய்தி ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது.

பாதி அது, பாதி இது என்று பத்து வருடம் பிழைத்தாய். உண்மையில் உன்னிடம் இருந்த தமிழ் ஒரே ஒரு சொல். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றவர் வீட்டுச் சொற்களை எடுத்து விளாசினாய். உன் அம்மாவை மேடையேற்றவில்லை. என் அம்மாவை ஏற்றினாய். இதற்குமேல் உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

*

பட்டையைப் பிரித்த அதே காலை. அப்பா இட்லி சாப்பிட உட்கார்ந்தார். ஏன் அன்றைக்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. இரண்டு வருடம் கேட்காதது.

“அப்பா, அந்த ஷோல நான் காதுல விழறதுக்கு முன்னாடியே சிரிச்சிட்டேன். அவன் என்ன சொல்றான்னு தெரியாது.”

“ஹவ்மா. தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்.”

“அப்புறம் ஏன் அந்த வார்த்தைய விட்டுட்டீங்க?”

“எந்த வார்த்தை?”

நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது.

“எங்க விட்டேன்? காய்க்காரன்கிட்ட சொல்றேன். பேங்க்ல சொல்றேன். உன் முன்னாடி சொல்றதில்ல, அவ்வளவுதான்.” சட்னியைத் தொட்டுக்கொண்டார். “நான் சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுதும்மா. ரெண்டு மூணு தடவை பார்த்தேன். பாக்கப் பாவமா இருந்துச்சு. எதுக்குன்னு மாத்திக்கிட்டேன்.”

நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்றல்லவா நினைத்திருந்தேன். அது இந்தத் தெருவிலேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. காய்வண்டி வரை, பேங்க் வரை. என்னைப் பார்த்தால் மட்டும் நின்றுவிடுகிறது. இதனால் உன்மேல் எனக்கிருக்கும் இகழ்ச்சி குறையும் என்று எதிர்பார்க்காதே. அதைப் பங்குபோட்டுக்கொள்ள இன்னொருத்தியாக நானும் சேர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“என் முன்னாடியும் சொல்லுங்கப்பா.”

“சும்மா எப்படிச் சொல்றது? ஏதாவது குடு, சொல்றேன்.”

ஐந்தாவது இட்லியை நீட்டினேன். அவர் நாலுக்கு மேல் சாப்பிட்டதில்லை.

இட்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வை,” என்றார்.

அன்றிலிருந்து அவருக்குப் பிடிக்காததையெல்லாம் சமைக்கிறேன். பாகற்காய். உப்பில்லாத கஞ்சி. முந்தின நாள் உப்புமா. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, என் முகம் அவருக்குத் தெரியாதபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். திரும்பி நின்றே அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறேன். தட்டு என் பக்கம் நகரும் சத்தம் கேட்கிறது. மூன்று வாரமாக எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.